காய்ச்சல் வராத அண்ணாச்சி

சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்
5 ஜூன் 2024

டாக்டரம்மா சுப்ரியாவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்க இப்போது எனக்கு மனசில்லை. கேட்காமல் கடிதம் எழுதக்கூடாது என்று நாச்சியார் சொல்வதால் கேட்டதாக வைத்துக்கொள்.

நான் சொல்லச் சொல்ல என் பெண்டாட்டி நாச்சியார் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. அது உனக்கும் தெரியும். பிப்ரவரியில் என் கைநாட்டைத்தானே உன் காகிதத்தில் வாங்கிக்கொண்டு போனாய்? சிக்குன்குனியா வந்த வருஷம் இந்த லைன் வீட்டில் எல்லாரும் படுத்தார்கள், எனக்கு மட்டும் காய்ச்சல் வரவில்லை என்று நான் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு குப்பி ரத்தமும் எடுத்துக்கொண்டாய். உன் அப்பா முகத்துக்காகக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ செய்தது என்ன? டீக்கடையில் ஏழு பேர் இருக்கிறார்கள். அதில் ராஜையனும் இருக்கிறான். என்னோடு மூட்டை சுமந்தவன், அந்தக் காய்ச்சலில் மூட்டு போய் இன்றைக்கும் நண்டு மாதிரி நடக்கிறவன். அவன் முன்னால், "அண்ணாச்சி, சத்தியமா உங்களுக்கு அப்போ காய்ச்சல் வரல்லையா?" என்று கேட்டாய்.

பதினேழு வருஷமாக இந்தத் தெருவில் எனக்குப் பேரே காய்ச்சல் வராத அண்ணாச்சி. தபால்காரருக்கே அப்படிச் சொன்னால்தான் வீடு தெரியும். அந்தப் பேரை நீ ஒரு டீ ஆறுவதற்குள் கெடுத்துவிட்டாய்.

நேராகப் பழவங்காடிப் பிள்ளையாரிடம் போனேன். இனி சுப்ரியாவோடு பேசுவதில்லை என்று தேங்காய் உடைத்துவிட்டேன். ஆகவே போன் செய்யாதே. பேசமாட்டேன் என்றுதான் உடைத்தேன்; எழுதமாட்டேன் என்று உடைக்கவில்லை. நீ எழுதலாம்.

இப்படிக்கு,
ஆறுமுகசாமி (கைநாட்டு)

(நாச்சியார் எழுதுவது. வளைவுக்குள் இருப்பது அவர் சொன்னதில்லை, அவருக்குத் தெரியவும் வேண்டாம். முதல் தேங்காய் உடையாமல் பின்னால் நின்றவர் காலில் போய் விழுந்தது. இரண்டாவதுதான் உடைந்தது. பிள்ளையாருக்கே இதில் விருப்பமில்லை என்று நினைக்கிறேன்.)

கழக்கூட்டம்
12 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கடையில் வைத்துக் கேட்டது என் தப்பு. ஒருவர் ரத்தத்தைப் பற்றி நாலு பேர் நடுவில் வாயே திறக்கக் கூடாது. அதற்கு எங்களுக்கு விதியே இருக்கிறது. நானே அதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா இருந்திருந்தால் இதற்குள் என்னை உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். மன்னியுங்கள்.

பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து, அம்மா பருப்பு டப்பாக்களில் பேர் எழுதி ஒட்டியதைப் பார்த்துக் கற்றது.

ஆனால் கேள்வியை விட முடியவில்லை. ஒரு கிருமி உடம்புக்குள் வந்துபோனால், அதை எதிர்த்ததற்கான அடையாளம் ரத்தத்தில் பல வருஷம் தங்கும். உங்கள் ரத்தத்தில் சிக்குன்குனியாவின் அடையாளம் இருக்கிறது. இரண்டு முறை பார்த்துவிட்டேன். கிருமி உங்களிடம் வந்திருக்கிறது, அண்ணாச்சி. காய்ச்சல் வந்ததா என்பதைத்தான் எந்தக் கருவியும் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதினேழு வருஷம் ஆகிவிட்டது. ஒருவேளை மறந்திருக்கலாம் அல்லவா? மறந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். திருத்திக்கொள்வேன், யாருக்கும் தெரியாது.

சுப்ரியா

சாலைக் கடைத்தெரு
19 ஜூன் 2024

டாக்டரம்மாவுக்கு,

மறந்திருக்கலாமா? யாருக்கு?

உன் அப்பா கோட்டைப் பகுதிக்கு வீடு மாறியது தொண்ணூற்றொன்று சித்திரை, வெள்ளிக்கிழமை காலை. நான் சுமந்தது ஒரு இரும்பு பீரோ, இரண்டு கட்டில், ஒரு ஆட்டுக்கல், ஒன்பது பித்தளைப் பாத்திரம். அதில் ஒன்றுக்குக் காது கிடையாது. ஆட்டுக்கல்லின் குழவியை நான்தான் தூக்குவேன் என்று நீ தெருவில் உட்கார்ந்து அழுதாய். உனக்கு நாலு வயசு. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

எழுத்து தெரிந்தவன் எழுதி வைத்துவிட்டு மறக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நாற்பத்தைந்து வருஷம் மூட்டை சுமந்தேன். எந்த மூட்டை எந்தக் கடைக்கு என்று ஒரு நாள் மாற்றிப் போட்டதில்லை. எனக்கு மறக்காது. இதையும் எழுதிக்கொள்.

காய்ச்சல் வந்த வருஷம் ராஜையன்தான் மூட்டை சுமக்கும் எங்கள் சுமட்டுக் குழுவுக்குத் தலைவன். காய்ச்சலில் விழுந்தான். "காய்ச்சல் சோம்பேறிக்குத்தான் வரும்" என்று நான் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து என்னைத் தலைவனாக்கினார்கள். ஓய்வு பெறும்வரை நான்தான் தலைவன். இப்போது மறந்துவிட்டேன் என்று சொன்னால் ராஜையன் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

கிருமி வந்தது என்கிறாய். வந்திருக்கட்டும். வந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகுமா? அதை எனக்கு விளங்குகிற மாதிரி சொல். நாச்சியாருக்கும் விளங்கவேண்டும், அவள்தான் வாசிக்கிறாள். போன கடிதத்தில் நடுவில் ஒரு மலையாள எழுத்து வந்து, அவள் அரைமணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஆறுமுகசாமி (கைநாட்டு)

(இந்த விஷயத்தில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வித்துராவில் என் தம்பி வீடு இருக்கிறது, அங்கே நான் ஒரு தடவை ஒன்பது நாள் கஞ்சி வைத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். யாருக்கு என்று சொல்லவில்லை. சத்தியம் சத்தியம்தான். – நாச்சியார்)

கழக்கூட்டம்
29 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

விளங்குகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன்.

உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன அறைகள், செல் என்போம். கிருமிக்குத் தானாக ஒன்றும் செய்யத் தெரியாது. ஓர் அறைக்குள் புகுந்து, அங்கேயுள்ள ஆட்களைக் கொண்டே தன் சரக்கைச் செய்துகொள்ளும். அந்த அறை சும்மா சாகாது. கூச்சல் போட்டுவிட்டுத்தான் சாகும். அந்தக் கூச்சலுக்குப் பேர் இன்டர்ஃபெரான். கேட்ட பக்கத்து அறைகள் கதவை அடைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பொருட்களைத் தயார் செய்யும்.

அதில் ஒன்றைத்தான் நான் பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேர் ஐ.எஸ்.ஜி. பதினைந்து. பதினைந்து அதன் எடை. கிலோ இல்லை, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கோடி கோடி சேர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு அண்ணன் முறையில் ஒன்று உண்டு, யுபிகுவிட்டின். உடம்புக்குள் பழசான, கெட்டுப்போன புரதத்தின்மேல் அது போய் ஒட்டும். ஒட்டினால் பெரும்பாலும் அதை உடைக்க எடுத்துப் போவார்கள். சாலையில் அழுகின மூட்டைக்கு நீங்கள் சுண்ணாம்புக் குறி போடுவீர்களே, அது மாதிரி. ஐ.எஸ்.ஜி. பதினைந்து பார்வைக்கு இரண்டு அண்ணனை ஒட்டிவைத்தது போல இருக்கும். இதுவும் சீட்டு மாதிரி ஒட்டும். ஆனால் குப்பைக்கு அனுப்ப இல்லை. முக்கியமாக, அப்போதுதான் புதிதாகச் செய்து வெளியே வருகிற புரதத்தில் ஒட்டும்.

கிருமியின் மேல் ஓடு என்பது ஒரே மாதிரியான பல துண்டுகளை அடுக்கிக் கட்டுவது. சில துண்டுகளில் இந்தச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தாலே அடுக்கு சரியாக உட்காராது. சில கிருமிகளில் இதைக் கண்டே பிடித்திருக்கிறார்கள். ஓடு கட்டமுடியாத கிருமி அடுத்த அறைக்குப் போக முடியாது.

இது சிலருக்கு வேகமாக நடக்கிறதோ, அதனால்தான் கிருமி வந்தும் காய்ச்சல் இல்லாமல் தப்புகிறார்களோ என்பதுதான் என் கேள்வி. நூறு பேரில் சிலர் அப்படி இருப்பார்கள். உங்களுக்குக் காய்ச்சல் வராதது உண்மை என்றால் எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆள் நீங்கள். வந்தது என்றால் நீங்களும் மற்ற எல்லாரையும் போல. இரண்டும் எனக்குச் சம்மதம். ஜூலை முப்பத்தொன்றுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

சுப்ரியா

(நாச்சியாரக்கா, இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் வளைவுக்குள் எழுதியது கிடைத்தது. பார்க்காத மாதிரி இருக்கிறேன். அவர் வாயால் வராத ஒன்றை நான் எழுத முடியாது.)

சாலைக் கடைத்தெரு
8 ஜூலை 2024

டாக்டரம்மாவுக்கு,

நேற்று நீ வந்தாய். நான் பேசவில்லை. காப்பி குடி என்று சொல்ல வழியில்லாமல் டம்ளரோடு கையை நீட்டினேன். இன்னொரு குப்பி ரத்தம் எடுக்க உன்னோடு வந்த ரெம்யா அந்தக் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறாள்! பாதிக் காப்பி அவள் சுடிதாரில். நான் திட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சத்தியத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

உன் சீட்டு விஷயம் அருமை. நாச்சியாரை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். அடுக்கு என்று எழுதியிருக்கிறாய். எங்கள் தொழிலில் அதற்கு அட்டி என்று பேர். இருபது வரிசை அரிசி மூட்டையை அட்டி போடும்போது, நடுவில் ஒரு மூட்டை வயிறு தள்ளி இருந்தால் போதும். அன்றைக்கு நிற்கும். மறுநாள் காலை கடைக்காரன் கதவைத் திறக்கும்போது அவன்மேல் சாயும். கிருமிக்கும் அதே கதிதானா! நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு சந்தேகம். புதிதாக வருகிற எதன்மேலும் சீட்டு ஒட்டும் என்கிறாய். அப்படியென்றால் நம் சரக்கு, அவன் சரக்கு என்று பேதம் பார்க்காதா? நம்முடையதும் கெட்டுப்போகுமே? இந்தப் பதினைந்துக்கு மூளை கிடையாதா?

மற்றபடி, எனக்கு வேகம் அதிகம் என்பது எனக்கு முன்பே தெரியும். நாசிக் வெங்காய லாரியை எட்டுப் பேர் இறக்குகிற நேரத்தில் நாங்கள் ஆறு பேர் இறக்கியிருக்கிறோம். எழுது. பேரைப் பெரிதாகப் போடு. அண்ணாச்சி என்பதையும் சேர்த்துப் போடு.

ஆறுமுகசாமி (கைநாட்டு)

(டீக்கடையில் போய், "என் உடம்பில ஓரோ அறையிலயும் சீட்டு ஒட்டுற ஆள் நிக்குது, கேட்டோ" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ராஜையன் கையெடுத்துக் கும்பிட்டாராம். அதற்கு இவர் ஆசீர்வாதம் வேறு செய்திருக்கிறார். இரண்டு நாளாகச் சோறு மட்டும் சரியாக இறங்கவில்லை. – நாச்சியார்)

கழக்கூட்டம்
15 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ரெம்யாவின் சுடிதாரில் காப்பிக் கறை போய்விட்டது. ரத்தம் எடுப்பதற்கு முன் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று அவளுக்கும் சொல்லியாயிற்று.

நீங்கள் கேட்ட சந்தேகம் பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டது. ஆம், பேதம் பார்க்காது. நம் சரக்கிலும் ஒட்டும். ஆனால் கிருமி புகுந்த அறையில் அந்த நேரத்தில் புதிதாக வருவதில் பெரும்பங்கு கிருமியின் சரக்கு. நமக்குக் கொஞ்சம் நஷ்டம், அதற்குப் பெரிய நஷ்டம்.

அதற்கு மூளை கிடையாது. ஆனாலும் ஒரு நல்ல குணம் உண்டு. கூச்சலை அடக்குகிற ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான். அவன் அழிந்துபோகாமல் காப்பாற்றி வைப்பதும் இந்தப் பதினைந்துதான். பிறவியிலேயே இது இல்லாத சில மனிதர்கள் உண்டு. அவர்கள் உடம்பில் கூச்சல் தொடங்கினால் அடங்குவதே இல்லை. கிருமி போன பிறகும் உடம்பு தன்னையே போட்டு வருத்திக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. அறிக்கையில் பேர் வராது. நீங்கள் நாற்பத்தொன்று என்ற எண். கிருமி வந்தும் காய்ச்சல் வராதவர் என்று என் பட்டியலில் இருப்பது நாற்பத்தொன்று மட்டும்தான். அந்த வரியை நம்பி இன்னொருவர் ஒரு சோதனை செய்வார். அதை நம்பி வேறொருவர் ஒரு மருந்தை யோசிப்பார். மேலே மேலே போவார்கள். யாரும் திரும்பக் கீழே வந்து பார்க்க மாட்டார்கள். உங்கள் கைநாட்டுதான் அடி மூட்டை.

வேறொன்றும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுப்ரியா

சாலைக் கடைத்தெரு
22 ஜூலை 2024

பாப்பாவுக்கு,

அடி மூட்டை என்று நீ எழுதியதை நாச்சியார் வாசித்ததும் இனி போதும், நிறுத்து என்றேன். அன்றைக்கு முழுவதும் நான் கடைப்பக்கம் போகவில்லை.

எங்கள் தொழிலில் எல்லாத் திருட்டுத்தனமும் உண்டு. தூக்காததைத் தூக்கினேன் என்போம். இல்லாத முதுகுவலியைச் சொல்வோம். ஆனால் ஓட்டை மூட்டையைத் தெரிந்தே அட்டிக்கு அடியில் வைக்கிறவன் கிடையாது. மேலே ஏறுகிறவன் நம் ஆள்.

எழுதிக்கொள். இரண்டாயிரத்தேழு, மிதுனம், அதாவது ஆனி மாதம் பிறந்த வாரம், சனிக்கிழமை காலை. வெங்காய லாரி. பதினோராவது மூட்டை தலையில் ஏறியதும் முட்டி இரண்டும் என்னுடையது இல்லாமல் போயிற்று. மச்சினன் வீட்டில் கல்யாணம் என்று குழுவில் சொல்லிவிட்டு நாச்சியாரையும் கூட்டிக்கொண்டு வித்துரா பஸ் ஏறினேன். கண்டக்டருக்கு முன்பல் ஒன்று கிடையாது. நெடுமங்காட்டில் மழை. இடதுபக்கம் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு கோழி இருந்தது. அது என்னைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தது. அவ்வளவு சூடு.

ஒன்பது நாள். சட்டைப் பொத்தானை அவிழ்க்க விரல் மடங்காது. மச்சினன் வீட்டுக் களத்தில் நண்டு மாதிரி நடந்தேன். ராஜையனை எப்படிச் சொல்லிச் சிரித்தேனோ அதே நடை. அங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை ஊருக்குத் திரும்புகிற வழியில் ஆற்றில் எறிந்தேன். பத்தாம் நாள் நெடுமங்காட்டில் லட்டு வாங்கினேன். கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, முட்டி நிமிர்கிற வரைக்கும் ஒரு தூணைப் பிடித்து நின்றுவிட்டு, கல்யாணத்துக்குப் போய்வந்தவன் மாதிரி தெருவுக்குள் வந்தேன். எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். ராஜையனுக்கு இரண்டு.

நான் மறக்கவில்லை, பாப்பா. மறந்தேன் என்று எழுதினால் பொய்க்கு மேல் பொய். நாற்பத்தொன்றை அடியிலிருந்து உருவிவிடு. சாய்ந்தால் இப்போதே சாயட்டும்.

மச்சினன் வீட்டிலும் அப்போது ஆறு பேரும் படுத்தார்கள். நாச்சியார் ஒருத்திதான் எல்லாருக்கும் கஞ்சி வைத்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவளுக்கு எது வரும்? வாய் மட்டும்தான்.

ராஜையனிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். தைரியம் வரட்டும்.

ஆறுமுகசாமி (கைநாட்டு)

(அவர் ஆற்றில் எறிந்தது என் தம்பி வீட்டுக் கரண்ட் பில். தம்பி இரண்டு நாள் அதைத் தேடினான். வாய் என்று அவர் சொன்னதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்; சத்தியமாக எழுத வேண்டிய கடிதம் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். – நாச்சியார்)

கழக்கூட்டம்
27 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாற்பத்தொன்றை உருவிவிட்டேன். அட்டி சாயவில்லை, கொஞ்சம் குட்டையாகிவிட்டது. பதினொரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வரியை அடித்ததில்லை. பழைய காகிதத்துக்குப் பதிலாகப் புதிதில் கைநாட்டு வேண்டும்.

உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தின பத்தியை மட்டும் இதுவரை எட்டுத் தடவை வாசித்திருக்கிறேன். ஒரே வீடு, ஒரே கொசு, ஏழு நோயாளி, நடுவில் ஒருவருக்கு ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் உங்கள் வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து முறுக்கு தின்றிருக்கிறேன். அந்த முறுக்கைக் கொண்டுவந்து வைத்தவரிடம், உங்களுக்குக் காய்ச்சல் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

(இதை அவருக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள், நாச்சியாரக்கா: ரெம்யாவை அனுப்பட்டுமா?)

சுப்ரியா

சாலைக் கடைத்தெரு
14 ஆகஸ்ட் 2024

பாப்பாவுக்கு,

எழுத்து மாறியிருப்பதைப் பார்த்துக் குழம்பாதே. இதை எழுதுவது ராஜையன். நாச்சியாருக்கு இப்போது கை ஒழியவில்லை.

அவள் ரத்தத்திலும் கிருமி வந்துபோன அடையாளம் இருக்கிறது, ஒரு நாள்கூடப் படுக்காதவள் என்று நீ நேரில் வந்து சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து வீட்டில் என் பாடு சொல்லி முடியாது. ரசத்தில் உப்பு இல்லை என்றேன். "அதைப் போய் நாற்பத்தொண்ணுகிட்டச் சொல்லும்" என்கிறாள். தெருப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்க்க வருகிறார்கள். தபால்காரர் நேற்று, "காய்ச்சல் வராத அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார். நான்தான் கதவைத் திறந்தேன்.

ராஜையனிடம் போய் எல்லாம் சொன்னேன். அந்தத் தலைவர் பதவியும் உன்னுடையதுதான் என்றேன். பாவம், ரொம்ப நேரம் தலையைக் குனிந்தபடி தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தான். அழுகிறானோ என்று பயந்துபோனேன். பிறகு, "அப்படியா அண்ணாச்சி? நம்பவே முடியல்லையே" என்றான். அவ்வளவு அதிர்ச்சி. வெள்ளை மனசு.

பழவங்காடிக்கும் போய்வந்தேன். கூச்சல் போட்டது நான், அடக்க வேண்டியதும் நான்தான். இந்தத் தடவை முதல் தேங்காயே உடைந்தது. ஆகவே இனி நீ போன் செய்யலாம்.

புதுக் காகிதத்தோடு வா. மை நல்லதாகக் கொண்டு வா. போன தடவை ரேகை மங்கலாக விழுந்தது. பொய்க்கு அது போதும். இதற்குப் போதாது.

ஆறுமுகசாமி (கைநாட்டு)

(ராஜையன் எழுதுவது. வளைவுக்குள் எழுதினால் அண்ணாச்சிக்குத் தெரியாது என்று நாச்சியாரக்கா சொல்லித்தந்தார்கள். டாக்டரம்மா, எங்களுக்கு அன்றைக்கே தெரியும். அண்ணாச்சி லட்டு கொண்டுவந்த பைக்குள் அடியில் வித்துரா ஆஸ்பத்திரிச் சீட்டு கிடந்தது. ஆறுமுகசாமி, ஐம்பத்தேழு வயது, ஆறு நாளாகக் காய்ச்சல் என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. அன்று சாயங்காலமே கடையில் எல்லாரும் கூடி வைத்ததுதான் அந்தப் பேர். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. பிறகு எங்களுக்கும் எடுக்க மனசு வரவில்லை. பதவி எனக்கே அப்போது வேண்டாம் என்றுதான் இருந்தது, எழுந்து நின்றால்தானே தலைவன். சீட்டை நான் இன்றும் வைத்திருக்கிறேன். உங்கள் ஆராய்ச்சிக்கு உதவும் என்றால் நீங்கள் வரும்போது தருகிறேன். அண்ணாச்சிக்குக் காட்ட வேண்டாம். அதை ஆற்றில் எறிந்ததாக அவருக்கு நல்ல ஞாபகம்.)